இருதயம் நின்றபின் முதல் ஐந்து நிமிஷங்கள்

பங்காரப்பேட்டையில் பிரிந்து செல்லும் 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளை ரயில்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காக 1894-ஆம் ஆண்டில் இடப்பட்ட பாதை அது. அச்சுரங்கங்களுள் சாம்பியன் ரீப் என்பது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றென நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதன் அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று நினைவிழந்து விழுவாராயின், அவரை மேலே கொண்டுவர ஒரே கூண்டுப் பயணம் போதாது. பணியிடத்திலிருந்து ஷாப்டு வரை தூக்கிச் சென்று, கூண்டில் ஏற்றி, இடைத்தளத்தில் இறக்கி, வேறொரு ஷாப்டின் கூண்டில் மறுபடியும் ஏற்ற வேண்டும். மேலேயுள்ள மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும், அதன் உதவி அவருக்குக் கிட்டுமுன் கழியும் நேரம் மிகுதி.

சுரங்கத் தொழிலை அறிந்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், முதலுதவிப் பெட்டிகள் எளிதில் எட்டும் இடங்களில் இருத்தல் வேண்டும் என்றும், அவை முதலுதவியில் பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்றும், அவர் வேலை நேரம் முழுவதும் கிடைக்கக்கூடியவராய் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் தனி முதலுதவி அறையும் கட்டாயமாயிற்று. டாக்டர் வரும்வரை காத்திராமல், பக்கத்தில் நிற்பவரையே முதல் வைத்தியராக ஆக்கும் ஏற்பாடு இது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்க நிறுவனத்தின் பெரிய மருத்துவமனையும் ஓய்ந்தது. கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டடத்தை 2021-இல் கொரோனாத் தொற்று பரவிய காலத்தில் தொண்டர்கள் துப்புரவு செய்து மீண்டும் பயன்படுத்த நேர்ந்தது. ஊரின் உழைப்பாளர்களோ, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். ஷாப்டின் ஆழம் போய், ரயில்பாதையின் நீளம் வந்துள்ளது. ஓடும் ரயிலில் இரு நிலையங்களுக்கு இடையே ஒருவருடைய இருதயம் நிற்குமாயின், சுரங்கத்தின் அடித்தளத்தில் இருந்த அதே நிலைமைதான் அங்கும் உள்ளது. ஒரே ஒரு வேறுபாடு: முதலுதவி அறிந்தவர் அருகில் இருந்தே தீர வேண்டும் என்று சொல்லும் சட்டம் அங்கு இல்லை. ஆகவே ஆசிரியர்களும், சுகாதாரப் பணியாளர்களும், மின்வாரியம், ரயில்வே முதலிய துறைகளின் களப்பணியாளர்களும் இம்முறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இருதயம் நிற்பது எவ்வாறு?

மாரடைப்பு வேறு, இருதயம் நிற்பது வேறு. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களுள் ஒன்று அடைபடுவது மாரடைப்பாகும். அந்நிலையில் நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சில் பாரம், இடக் கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுமுட்டல் ஆகியவற்றைத் தாமே கூறுவார். அவருக்கு வேண்டியது விரைவாக மருத்துவமனை சேர்வது. கர்நாடக அரசு 2023-இல் புனித் ராஜ்குமார் பெயரில் தொடங்கிய இருதய ஜோதித் திட்டம் இத்தகையோருக்கானது; தாலுகா மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, அதை நிபுணர்களுக்கு அனுப்பி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே இலவசமாகப் போட அது வழி செய்தது. அத்திட்டத்துக்குப் பெயர் தந்த நடிகர் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், தமது 46-ஆம் வயதில், இருதயம் நின்று காலமானார்.

இருதயம் நின்றவர் எதையும் கூறமாட்டார். சில விநாடிகளில் நினைவு இழந்து சரிவார். மாரடைப்பு இதற்கு ஒரு காரணம். மின்சாரம் தாக்குதல், நீரில் மூழ்குதல், பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசித்தல், மார்பில் பலத்த அடி ஆகியவை வேறு காரணங்கள். பெரியவர்கள் திடீரென்று விழும்போது, தொடக்கத்தில் பலரிடம் காணப்படுவது கீழறை நடுக்கம் என்னும் கோளாறு. வென்ட்ரிக்குலர் பிப்ரிலேஷன் என்று டாக்டர்கள் இதனைக் கூறுவர்.

இக்கோளாற்றை விளக்கத் தேரோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வடம் பிடித்த நூறு பேரும் ஒரே குரலுக்கு ஒரே சமயத்தில் இழுத்தால் தேர் நகரும். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால், அனைவரும் களைத்துப்போவதைத் தவிர வேறு பயன் இல்லை; தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். நலமான இருதயத்தில், மேலறையிலுள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்து எழும் மின்துடிப்பே அக்குரல். அக்குரலுக்குக் கட்டுப்பட்டுத் தசைநார்கள் யாவும் ஒருங்கே சுருங்கி, நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. நடுக்கம் கண்ட இருதயத்தில் நார்கள் தனித்தனியே துடிக்கின்றன. இருதயம் அசைந்துகொண்டுதான் இருக்கும். ஆயினும் ஒரு துளி இரத்தமும் செல்லாது. நான்கைந்து நிமிஷங்கள் இவ்வாறு கழிந்தால் மூளைக்கு மீளாத கேடு தொடங்கிவிடுகிறது. உதவி எதுவும் செய்யப்படாத ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது எனக் கணக்கிட்டுள்ளனர்.

மின்சாரமும் இருதயமும்

காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் கொண்டுவரப்பட்டு, 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயல் சுரங்கங்களை இயக்கிற்று. பெங்களூர் நகரமே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மின்விளக்கைக் கண்டது. இத்தனை தொலைவுக்கு மின்சாரம் அனுப்புவது அக்காலத்தில் பெரும் சாதனை. அதனுடன் ஒரு புதிய அபாயமும் உலகெங்கும் மின்சாரம் சென்ற இடந்தோறும் சென்றது. 60 வாட் விளக்கு ஒன்று எரிவதற்குக் கால் ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதில் பாதியும் இல்லாத மின்னோட்டம் மார்பின் குறுக்கே பாய்ந்தால், கீழறை நடுக்கம் ஏற்படப் போதுமானது. உடலில் தீக்காயம் ஒன்றும் இல்லாமலே மனிதர் இறந்துபோவதன் காரணம் இதுவே. இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர்.

நடுக்கத்தை உண்டாக்கும் மின்சாரமே அதனைப் போக்கவும் வல்லது என்பதை ஜெனிவாவில் பிரவோ, பத்தெல்லி என்னும் இருவர் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் 1899-ஆம் ஆண்டிலேயே கண்டனர். அக்கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்காவில் மின்கம்பி வேலையாட்கள் பலர் இறந்துபட்டதால் கவலையுற்ற மின்சாரக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதனை ஏற்று நடத்தியவர் கௌவன்ஹோவன். அவர் டாக்டர் அல்லர், மின் எஞ்சினீயர். மார்பைத் திறவாமலே இருதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1958-இல் அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். கருவியின் கனத்த மின்தகடுகளை நாயின் மார்பின்மேல் அழுத்திவைத்தவுடன், மின்சாரம் செலுத்துமுன்னரே, அதன் இரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது. அழுத்தினாலே இரத்தம் நகருகிறது! இச்சிறு குறிப்பைப் பற்றிக்கொண்டு, ஜூட் என்னும் அறுவை டாக்டரோடு சேர்ந்து அவர்கள் மார்பழுத்த முறையை வகுத்தனர். 1960-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான அவர்களுடைய கட்டுரை, 20 நோயாளிகளுள் 14 பேர் பிழைத்ததாகக் கூறிற்று. பீட்டர் சாபர், ஜேம்ஸ் ஈலம் ஆகியோர் 1950-களில் நிலைநாட்டிய வாய்வழிச் சுவாசமும் இதனோடு இணைந்தது. இன்று சி.பி.ஆர். என வழங்கும் முறை இவ்விரண்டின் சேர்க்கையேயாகும்.

இதற்கு முன் முதலுதவி நூல்கள் கற்பித்தவை வேறு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்தும் ஷேபர் முறை, முதுகை அழுத்திக் கைகளைத் தூக்கும் ஹோல்கர் நீல்சன் முறை, மல்லாந்து கிடப்பவரின் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தும் சில்வெஸ்டர் முறை ஆகியவை அவை. இவை நுரையீரலில் ஓரளவு காற்றை ஏற்றி இறக்கின. நின்றுபோன இரத்த ஓட்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. பழைய பயிற்சி பெற்ற முதியவர்கள் சிலர் இன்னும் குப்புறப் படுக்கவைக்கும் முறையையே நினைவில் கொண்டிருக்கலாம். அவர்களுடைய ஆர்வத்தை மதித்து, முறை மாறியதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் தமது பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் தாக்கியவரை, மின்னோட்டத்தை நிறுத்துமுன் தொடலாகாது. வீட்டு இணைப்பாயின் மெயின் சுவிட்சை அணைக்கலாம். உயர் அழுத்தக் கம்பியாயின் துணைமின்நிலையத்தார் மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை அருகிற் செல்வதே தவறு. அங்கு மரக்கழியும் காப்பாற்றாது. பாழடைந்த சுரங்கக் குழி, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் விழுந்தவரைக் காப்பாற்றத் தாமும் இறங்கி மாண்டவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு, விழுந்தவரின் இரு தோள்களையும் தட்டி உரக்க அழைக்க வேண்டும். அசைவு இல்லையெனில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பத்து விநாடிக்கு மேல் செலவிடலாகாது. நாடி பார்ப்பதில் பயிற்சி இல்லாதவர் நாடியைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். அனுபவமுள்ளவர்களும் அதில் தவறுவதுண்டு. அழைப்புக்குப் பதில் இல்லை, இயல்பான சுவாசமும் இல்லை என்ற இரண்டும் தெரிந்தால் போதும். வெயிலினாலோ பசியினாலோ மயங்கியவர் சுவாசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இம்முறை வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கவனித்தால் போதும்.

இயல்பான சுவாசம் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. இருதயம் நின்ற முதல் சில நிமிஷங்களில், பலர் மீன் வாயைத் திறப்பதுபோல் இடைவிட்டு ஏங்கி ஏங்கி மூச்சு இழுப்பர். குறட்டை போன்ற ஒலியும் எழும். சுற்றி நிற்போர் இதைக் கண்டு மூச்சு இருக்கிறது என ஆறுதல் அடைகின்றனர். அது மூச்சன்று. மூளையின் அடித்தண்டு இறுதியாக எழுப்பும் துடிப்பு அது. அதுபோலவே, மூளைக்கு இரத்தம் நின்றவுடன் சிலருக்குக் கைகால்கள் சிறிது நேரம் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று எண்ணிக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் தெருக்களில் அன்றாடம் காணும் காட்சி. இரும்பு வலிப்பையே போக்காது. இருதயத்தையோ சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் தண்ணீர் தெளிப்பது, வாயில் சோடா ஊற்றுவது, தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவுவது ஆகியவையும் விலைமதிப்பற்ற நிமிஷங்களைக் கரைக்கின்றன. நினைவற்றவர் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் செல்லும்.

உடனிருப்பவர் ஒருவரை, பெயரிட்டோ கைகாட்டியோ, 108 அல்லது 112 எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தை நோக்கி யாராவது கூப்பிடுங்கள் என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். தனியாக இருப்பவர் தொலைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கித் தரையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம்.

நோயாளி கெட்டியான தரையில் மல்லாந்து கிடத்தல் வேண்டும். கயிற்றுக் கட்டிலும் மெத்தையும் உதவா. ரயிலில் இருக்கையைவிட நடைபாதைத் தரையே நன்று. அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகள் மடங்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலாக இருக்க, உடலின் எடையைக் கொண்டு அழுத்த வேண்டும். வளர்ந்தவர் மார்பு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டரை மிஞ்சாமலும் அமிழ வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதும் மேலெழ விடவேண்டும். அப்போதுதான் இருதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும். களைப்பினால் மார்பின்மேல் சாய்ந்துகொள்வது பழகியவர்களிடமும் காணப்படும் பிழை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வது நலம். ஏனெனில், தாம் களைத்ததை உணர்வதற்கு முன்னரே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடுகிறது.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும், இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இதனால் கிடைக்கும். ஆயினும் அதுவே மூளையையும் இருதயத் தசையையும் சில நிமிஷங்கள் காத்து நிறுத்தப் போதுமானது. இடைவிடாமை இங்கு மிக முக்கியம். தெருவிலுள்ள அடிபம்பை நினைத்துக்கொள்க: முதற் சில அடிகளுக்குத் தண்ணீர் வராது, அடிக்க அடிக்க ஏறி வரும், சற்றே நிறுத்தினால் இறங்கிவிடும், மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். இருதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய்களில் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் அவ்வாறே. ஆகையால் எதற்காகவும் பத்து விநாடிக்கு மேல் கையை எடுக்கலாகாது.

இதிலிருந்து ஒரு கடினமான முடிவு பிறக்கிறது. விழுந்தவரை வாரியெடுத்து ஆட்டோவில் போட்டு ஓடுவதே நம்மவர் பழக்கம். அன்பினால் செய்வது அது. ஆனால் ஆட்டோவின் பின்னிருக்கையில் மடங்கிக் கிடப்பவரின் மார்பை அழுத்த முடியாது. மருத்துவமனை பத்து நிமிஷத் தொலைவில் இருப்பின், மூளை பத்து நிமிஷம் இரத்தமின்றிக் கிடக்கிறது. நினைவுள்ள மாரடைப்பு நோயாளியை ஆம்புலன்ஸ் தாமதமானால் வேறு வண்டியில் கொண்டுசெல்லலாம். இருதயம் நின்றவருக்கோ விழுந்த இடமே மருத்துவமனை. ரயிலிலும் இதுவே நியதி. இரு நிலையங்களுக்கு நடுவே சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தினால், ஆம்புலன்ஸ் வரவியலாத இடத்தில் வண்டி நின்றுவிடும். 139 எண்ணுக்கோ, கார்டு என்று பலரும் இன்னும் அழைக்கும் ரயில் மேலாளருக்கோ செய்தி சொல்லி அடுத்த நிலையத்தில் உதவியைத் தயாராக வைக்கச் செய்து, அதுவரை நடைபாதையில் அழுத்துவதே தக்கது.

விலா எலும்பு முறியுமே என்று அஞ்சுவோர் உளர். வயதானவர்களுக்கு முறிவதுண்டு, அது ஆறும். இருதயம் நிற்காதவருக்கே தவறுதலாக அழுத்திவிட்டாலும் பெருங்கேடு விளைவது அரிது. அவர் அசைவார், அல்லது முனகுவார், நிறுத்திவிடலாம். பெண் நோயாளியைத் தொடத் தயங்கிக் கூட்டம் விலகி நிற்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும். முறை ஒன்றே, கருவுற்ற பெண்ணுக்கும் அதுவே.

வாய்வழிச் சுவாசம் பற்றிச் சிறிது கூற வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 தடவை வீதம், ஒவ்வொன்றும் ஒரு விநாடி, மார்பு எழும் அளவுக்குக் காற்றூதுவர். காசநோய் முதலியவற்றுக்கு அஞ்சி இதைச் செய்ய விரும்பாதவர் பலர். திடீரென விழுந்த பெரியவரின் இரத்தத்தில் முதற் சில நிமிஷங்களுக்குப் போதிய பிராணவாயு இருக்கும். குறைவது அதன் ஓட்டமே. எனவே பொதுமக்கள் அழுத்தம் மட்டும் செய்தால் போதும் என்று இந்திய மயக்கவியல் டாக்டர்கள் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு முறை கூறுகிறது. நீரில் மூழ்கியவர், நச்சு வாயுவில் மூச்சடைத்தவர், குழந்தைகள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு மூச்சு முதலில் நின்று, அதனால் இருதயம் பின்னர் நிற்கிறது. பிராணவாயு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இயன்றவர் அங்குச் சுவாசமும் தரவேண்டும்.

டிபிப்ரிலேட்டர்

அழுத்தம் காலத்தை நீட்டித் தருகிறது. நடுக்கத்தை நிறுத்துவது பெரும்பாலும் அதனால் ஆகாது. அதற்குரியது டிபிப்ரிலேட்டர் என்னும் மின்னதிர்ச்சிக் கருவி. நின்ற இருதயத்தை இது உதைத்து ஓடச் செய்கிறது என்று சினிமாக்களைப் பார்த்துப் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. வடம் பிடித்துத் தாறுமாறாக இழுக்கும் அனைவரையும் ஒரே கணத்தில் கைவிடச் செய்கிறது இக்கருவி. அந்த அமைதியில், இருதயத்தின் சொந்த முடிச்சு மறுபடி குரல் கொடுக்கிறது. மின்துடிப்பே முற்றிலும் அடங்கிவிட்ட இருதயத்தில் இதனால் பயனில்லை. நடுக்கம் கண்ட இருதயமும் நேரம் செல்லச் செல்ல அடங்கிப்போகும். அழுத்தம் அவ்வடக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

கிளீவ்லாந்தில் கிளாட் பெக் 1947-ஆம் ஆண்டில் அறுவையின்போது 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இருதயத்துக்கு நேரடியாக அதிர்ச்சி தந்து உயிர்ப்பித்தார். 1956-இல் பால் ஸோல் மார்பைத் திறவாமல் இதைச் செய்தார். 1965-இல் பெல்பாஸ்டில் பான்ட்ரிட்ஜ் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பாட்டரிகளோடு அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்றைய தானியங்கிக் கருவி ஓர் உணவுப் பெட்டியின் அளவே உள்ளது. அது செலுத்தும் ஆற்றல் பொதுவாக 150 முதல் 200 ஜூல். 60 வாட் விளக்கு மூன்று விநாடியில் செலவிடும் ஆற்றல்தான். ஆனால் அது சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளுக்குள் பாய்கிறது.

இதனைக் கையாளப் படிப்பு வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால், அல்லது பொத்தானை அழுத்தினால், கருவியே பேசத் தொடங்கும். மார்பிலுள்ள துணியை அகற்ற வேண்டும். வியர்வையோ மழைநீரோ இருப்பின் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தில் ஒட்டு பிடிக்காது, மின்சாரமும் தோலின்மேலேயே ஓடிவிடும். ஒட்டுத் தகடுகள் இரண்டில் ஒன்றை வலப்புறக் காரை எலும்புக்குக் கீழேயும், மற்றொன்றை இடப்புற அக்குளுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டிலும் ஒட்ட வேண்டும். தகட்டிலேயே படம் வரைந்திருக்கும். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைத்துத் தெரிந்தால் அதன்மேல் ஒட்டாமல் சற்று விலக்கி ஒட்டலாம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறிய தகடுகள் உண்டு. அவை இல்லையெனில் பெரியவையே ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலுமாகப் பயன்படலாம்.

தகடு ஒட்டும்போதும் மற்றவர் அழுத்தத்தை நிறுத்தலாகாது. இருதயத்தைச் சோதிக்கிறேன், தொடாதீர்கள் என்று கருவி கூறும்போது மட்டும் கையெடுக்க வேண்டும். அதிர்ச்சி தேவை என்று அது கூறினால், யாரும் தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விலகுங்கள் என உரக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அதிர்ச்சி தேவையில்லை என்று அது சொன்னால் நோயாளி பிழைத்தார் என்றோ இறந்தார் என்றோ பொருளில்லை. இரு நிலையிலும் அடுத்த கணமே மார்பழுத்தம் தொடர வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்துக் கருவி மறுபடியும் சோதிக்கும். நடுக்கம் இல்லாத இருதயத்துக்கு இது அதிர்ச்சி தராது. ஆகவே தவறாகப் பயன்படுத்திக் கொன்றுவிடுவோமோ என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

சாமானியர் கையில் இது என்ன செய்யும் என்பதற்கு விசித்திரமான ஓர் இடத்திலிருந்து சான்று கிடைத்தது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு இக்கருவியைக் கொடுத்துப் பழக்கினர். எங்கும் காமிராக்கள் இருந்தமையால் விழுந்த நேரமும் அதிர்ச்சி தந்த நேரமும் துல்லியமாகத் தெரிந்தன. 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, பிறர் கண்முன் நடுக்கத்தால் விழுந்தவர்களுள் மூன்று நிமிஷத்துக்குள் அதிர்ச்சி பெற்றோரில் 74 சதவீதத்தினர் பிழைத்தனர். அதற்குப்பின் பெற்றவர்களில் 49 சதவீதத்தினர். சிறந்த மருத்துவமனைக்கும் எட்டாத வெற்றி, காவலாளிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் அருகில் இருந்தார்கள் என்பதே காரணம்.

பள்ளியில் கற்பித்தல்

கருவி இல்லாத ஊர்களே நம் நாட்டில் மிகுதி. கைகள் எங்கும் உள்ளன. நார்வே நாட்டில் 1961 முதலே பள்ளிகளில் உயிர்மீட்பு கற்பிக்கப்பட்டது. டென்மார்க் 2005-இல் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதோடு, பெரியவர்களுக்கும் பயிற்சியைப் பரப்பிற்று. 2001-இல் அங்கு வெளியில் இருதயம் நின்றவர்களில் 21 சதவீதத்தினருக்கே அருகிலிருந்தோர் உதவினர். 2010-இல் அது 45 சதவீதமாயிற்று. முப்பது நாட்கள் கடந்து உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தனர். ஆம்புலன்ஸ் சேவையும் சிகிச்சையும் இக்காலத்தில் முன்னேறியதால் பெருமை முழுவதையும் பள்ளிகளுக்கே கொடுப்பது பொருந்தாது. பெரும்பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. இந்தியாவிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2025 அக்டோபரில் 13 முதல் 17 வரை சி.பி.ஆர். விழிப்புணர்வு வாரம் நடத்திற்று.

12 வயதைத் தாண்டிய மாணவர்களுள் பலர் வேண்டிய ஆழத்துக்கு அழுத்த வல்லவர்கள். சிறியவர்களுக்கு அழைத்துப் பார்த்தல், சுவாசம் பார்த்தல், 108-ஐ அழைத்து இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லுதல் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். இறுதியாகச் சொன்னது அற்பமன்று. தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் ஒன்றுபோலவே தோற்றமளிப்பவை. எந்த வரிசை, எந்தக் கோயில் அல்லது சர்ச் அருகே என்று சொல்லத் தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றித் திரியக்கூடும். பயிற்சிப் பொம்மை கிடையாத பள்ளியில், பஞ்சு கெட்டியாக அடைத்த தலையணையைத் தரையில் வைத்தோ, காற்றடைத்த பழைய டயர்க் குழாயை மடித்துக் கட்டியோ, கையின் நிலையையும் வேகத்தையும் பழக்கலாம். உயிருள்ள மாணவன் மார்பில் அழுத்திப் பழகுதல் கூடாது. ஒரு நிமிஷம் எண்ணிக்கொண்டே அழுத்தச் செய்து கடிகாரத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலோர் முதலில் மிக விரைந்தும் பின்னர் தளர்ந்தும் அழுத்துவது அவர்களுக்கே விளங்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பச் செய்யாவிடில் கை மறந்துவிடும்.

நிலையமோ, பள்ளியோ, பஞ்சாயத்தோ தானியங்கிக் கருவியைப் பெறுமாயின், அதன் பராமரிப்பு பொறுப்பாளர் ஒருவர் பெயரில் இருத்தல் வேண்டும். கருவியின் முகப்பில் உள்ள அடையாள விளக்கை வாரந்தோறும் பார்த்து ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டுத் தகடுகளின் பசை இரண்டு ஆண்டு அளவில் உலர்ந்துபோகும். உறையில் அச்சிட்ட தேதிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பாட்டரிக்கும் அவ்வாறே காலவரை உண்டு. பெட்டியினுள் துடைப்பதற்கு ஒரு துண்டும், துணி வெட்டக் கத்தரிக்கோலும், மார்பு முடி மழிக்க ஒரு சவரக் கத்தியும் வைத்திருப்பது நன்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அப்பெட்டியைத் தலைமை ஆசிரியர் அறையிலோ நிலைய அதிகாரியின் அலமாரியிலோ வைத்துப் பூட்டலாகாது. விலையுயர்ந்த பொருள் என்பதற்காகப் பூட்டுபவர் சாவியோடு வீட்டுக்குப் போன பின்னர், மாலை ரயில் வந்து நிற்கும்.